உட்லண்ட்ஸ், அதிகாலை நான்கு

ரைன் நதி உறைந்த குளிர்காலத்தில்
ரோமுக்குக் காவல் நின்றவர்களில் பாதிப்பேர்
அக்கரை வம்சம்.
பெரிய தளபதியின் அப்பாவே வாண்டல்.
நூலகப் புத்தகத்தில் 'வண்டல்' என்று
அச்சுப்பிழை.
திருத்தாமல் விட்டேன்:
ஆறு கொண்டுவந்து சேர்த்ததுதானே.

ஜோகூர் நீரிணை உறையாது.
பாலம் முழுக்க மோட்டார் சைக்கிள்கள்,
ஈர மழைக்கோட்டு,
ஹெல்மெட்டுக்குள் கொட்டாவி.
துணைப் போலீஸ் சட்டையில் நான்.
"கண்ணாடியத் தூக்குங்க."
தூக்கினான்.
தம்பி யுகேந்திரன்.
யாரோ போலக் கடப்பிதழை நீட்டினான்.
படத்தையும் முகத்தையும்
இரண்டு முறை பார்த்தேன்.
தாடையில் அம்மாவின் மச்சம்.
"போங்க" என்றேன்.

அந்தத் தளபதியின் தலையைக் கடைசியில்
ரோமே வெட்டியதாம்,
பின்னட்டை சொல்கிறது.
நான் இன்னும் பாதியில்தான் இருக்கிறேன்.
வேலை அனுமதி
மார்ச் வரைக்கும்.

அடுத்த வண்டி.