நூறு சொற்களுக்குள்

நூறு சொற்களுக்குள் எழுதித் தாருங்கள் என்றார்கள்.
கணக்குப்பிள்ளைக்கு வந்த வேலையைப் பார்.
தயாபரிக்கு இந்த வருடத்து விருது.
ஹல் நகரில், துறைமுகத்துக்குப் பின்னால்,
ஒரு தேவாலய மண்டபத்தில் வெள்ளி மாலை.
தேநீர் உண்டு, கேக் உண்டு, கவுன்சிலர் ஒருவர் உண்டு.

படிவத்தின் முதல் கேள்வி:
எத்தனை மணித்தியாலங்கள்?
யாருக்குத் தெரியும்.
இரவெல்லாம் பொதிக் கிடங்கில் பெட்டி பிரித்துவிட்டு
காலை ஏழுக்கு பஸ்ஸால் இறங்குவாள்
சுரண்டியும் வாளியுமாக.
ஏழிலிருந்து எத்தனை வரை என்று கேட்ட ஆளின் கையில்
ஒரு தூரிகையைத் திணித்தாள்.
அந்த ஆள் நான்தான்.
பின்னறைச் சுவர் இன்னும் என் கோணலோடு நிற்கிறது.

எங்கள் இருவருக்கும் ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.
ரசீது தரமாட்டாள்.
நாற்பது பவுணுக்குத் திருகாணி என்பாள்.
எங்கே சீட்டு என்றால்
“சுவரில இருக்கு, போய் எண்ணிப் பாருங்கோ.”
போய் எண்ணினேன், ஒருமுறை.
இரண்டு கூடுதலாக இருந்தது.

வீட்டைக் கட்டிப்பார் என்று சொன்னவர்கள்
ஆறு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத்
திறந்து பார் என்று சொல்லவில்லை.
கதவின் கீழே, ஈரத்தில் ஒரே கட்டியாகிப்போன
யாருடையவோ கடிதங்கள்.
குளியல் தொட்டிக்குள் புறாக் குஞ்சுகள்.
அவை பறக்கும் மட்டும்
அந்த அறையை யாரும் தொடக்கூடாது என்றாள்,
வேலை மூன்று கிழமை பிந்தியது.
எந்த வீட்டிலும் முதலில் நடுவில் நின்று
மூச்சை இழுத்துப் பார்ப்பாள்.
“கூரை இல்லை, குழாய்.”
பத்து நாள் கழித்து நிபுணர் ஒருவர்
அதையே ஆறு பக்கத்தில் எழுதி
இருநூறு பவுண் கேட்பார்.
அதற்கு ரசீது உண்டு.

அழைப்பிதழ் கொடுக்க அவளிடம் போனேன்.
மீன் பொரிக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை.
கட்டில் தலைமாட்டில், சுவரில்,
உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாய்ப் பூஞ்சணம்.
பார்த்தேன்.
நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
“அது வீட்டுக்காரன்ர வேலை” என்று
தேத்தண்ணி போடத் திரும்பிக்கொண்டாள்.
அதை நான் நூறு சொற்களுக்குள் சேர்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை.
கண்ணாடிக் கேடயத்தில் அவள் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைவு.
கவுன்சிலர் வாசித்தார்:
அயராத, தன்னலமற்ற, முன்மாதிரியான.
எழுதியவன் நான்தான்.
கேட்கும்போது வேறு யாரையோ பற்றி இருந்தது.
கைதட்டு அடங்குமுன்
அவள் கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது.
எரித்திரியாப் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகள்,
பஸ் தரிப்பில் நிற்கிறார்கள்.
நெருப்புக்கோழி மாதிரிக் கழுத்தை நீட்டி
ஒலிவாங்கியில் கேட்டாள்:
“ஆரிட்ட வான் நிக்குது?”
பிறகுதான் ஆங்கிலத்தில் கேட்டாள்.
ஏற்புரை அவ்வளவுதான்.
இரண்டு கைகள் உயர்ந்தன.
கவுன்சிலர் நாற்காலியைத் தள்ளி எழுந்தார்,
வருவதற்கா போவதற்கா என்று தெரியாமல்.

பதினொரு மணி. மழை.
மெத்தையின் ஒரு முனை என் தோளில்.
அந்தத் தெருவுக்கு ஆற்றுக் காற்று நேரே வரும்,
கதவை அறைந்து சாத்தும்,
முதல்தரம் என் விரலோடு சாத்தியது.
இரண்டாம்தரம் சாத்தவில்லை.
குனிந்தேன்.
கதவின் அடியில் கேடயம்,
பெயர் தரைப்பக்கமாக, இறுக்கிச் செருகியபடி.
“நல்ல பாரம்” என்றாள்,
வாயில் இரண்டு திருகாணிகளோடு.
சின்னவன் அதில் கால் தடுக்கி,
விழாமல்,
இருட்டு அறைக்குள் ஓடி
சுவிட்ச் எங்கே என்று தடவத் தொடங்கினான்.

திங்கட்கிழமை பேரேட்டைத் திறந்து எழுதினேன்:
கதவு முட்டு, ஒன்று.
ரசீது இல்லை.