பதினான்கு, ஏழு, மூன்று, ஒன்று

புன்டா அரெனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டிவிடுவார்கள்.
பிடித்துக்கொண்டு கடக்கலாம்.
பிடிக்காமல் கடந்து
தொப்பியோடு போயிற்று என்றும் இருக்கலாம்.
நிபால்டோ ஒயார்சோ எழுதிய நிரலும்
அந்த வகைக் கயிறுதான்.

துறைமுக அலுவலகத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஒரு கடவுச்சொல்லுக்குத் தொண்ணூறு நாள் ஆயுள்.
காலை ஆறு மணிக்கு
காப்பி இயந்திரம்கூட விழிக்காத வேளையில்
நிரல் ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்க்கும்:
யாருக்கு எத்தனை நாள் பாக்கி?
பதினான்கு என்றால் ஒரு கடிதம்.
ஏழு என்றால் இன்னொன்று.
மூன்றுக்குக் கொஞ்சம் குரல் உயரும்.
ஒன்று என்றால் தலைப்பிலேயே 'நாளை'.

முதலில் அவன் எழுதியிருந்தது
'உங்கள் கணக்கு முடக்கப்படும்.'
சரக்குப் பிரிவு செனோபியா
போனில் நடுங்கினாள்: "நான் என்ன தப்பு செய்தேன்?"
அன்று இரவு உட்கார்ந்து
அழித்து அழித்து எழுதினான்.
'அன்புள்ள' என்று தொடங்கினால் மோசடிக் கடிதம்.
அன்பில்லாமல் தொடங்கினால் கோர்ட் நோட்டீஸ்.
கடைசியில் பெயரில் தொடங்கினான்:

'செனோபியா, இன்னும் ஏழு நாள் இருக்கிறது.
இந்தக் கடிதத்தில் சொடுக்க எதுவும் இல்லை,
யாராவது சொடுக்கச் சொன்னால் அது நானில்லை.
மாற்றத் தெரியாவிட்டால் மேலே வாருங்கள்.
நிபால்டோ, இரண்டாம் மாடி, ஜன்னலோரம்.'

வாசித்தார்கள் என்று சொல்ல முடியாது.
யாஸ்னா மிமிக்கா அந்தக் கடிதங்களுக்கென்றே
ஒரு விதி வைத்து
வந்த வேகத்தில் குப்பைக்கு அனுப்பினாள்.
இழுவைப்படகு காப்டன் மாருசிச்
ஒற்றை நாள் மிஞ்சும்வரை அசையமாட்டார்.
கயிறு எதற்கு, கால் இருக்கிறதே என்பார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை
கடிதங்கள் நின்றன.
வராத கடிதத்தை யார் எண்ணுவார்கள்?
அவனும் எண்ணவில்லை.
அமைதி என்றால் எல்லாம் சரி என்றுதானே
நமக்கெல்லாம் பழக்கம்.

மூன்றாவது வாரத் திங்களன்று
பதினாறு பேர் கதவுக்கு வெளியே.
நீரிணையில் ஒரு கப்பல் காத்து நின்றது,
அனுமதியில் கையெழுத்திட வேண்டியவள்
தன் பெயரையே நான்காம் முறை தட்டிக்கொண்டிருந்தாள்.
மாருசிச் ஈர பூட்ஸோடு மாடியேறி வந்தார்.
"சொல்லவே இல்லையே நீ."
பின்னாலேயே யாஸ்னா,
குப்பை விதி வைத்த அதே யாஸ்னா:
"ஒரு கடிதம்கூட வரவில்லை."

பதிவேட்டைத் திறந்தான்.
நிரல் ஓடுவதற்கென்று ஒரு கணக்கு உண்டு.
அதற்கு விதிவிலக்கு இருந்தது.
ஆகஸ்டில் சாந்தியாகோ தலைமையகம்
விலக்குகள் எல்லாவற்றையும் ஒரே கையெழுத்தில் எடுத்துவிட்டது.
அன்றிலிருந்து அதற்கும் தொண்ணூறு நாள்.

பட்டியலில் அதன் பெயரும் வந்திருக்கிறது.
பதினான்காம் நாள் தனக்கே எழுதப் போயிருக்கிறது.
ஏழாம் நாளும்.
மூன்றாம் நாளும்.
கடைசி நாளும்.
நான்கு இடத்தில் ஒரே வரி:
'பெறுநருக்கு முகவரி இல்லை. தவிர்க்கப்பட்டது.'
அடுத்த வரியில்
வேறு யாருக்கோ எச்சரிக்கை அனுப்பியிருந்தது.

ஊருக்கெல்லாம் பலன் சொன்ன பல்லி
கழுநீர்ப்பானையில் விழுந்த கதை
சுவரில் பல்லியே ஏறாத அந்தக் குளிரூருக்கும்
எப்படியோ வந்து சேர்ந்திருந்தது.

பதினாறு பேருக்கும் தற்காலிகச் சொல் கொடுத்தான்,
எழுத்தெழுத்தாக,
வெளியே காற்று கத்தியதால் சில எழுத்துகளை இருமுறை.
மத்தியானத்துக்குள் கப்பல் நகர்ந்தது.
சாயங்காலம் நிரலில் ஒரு வரி சேர்த்தான்:
முகவரி இல்லாதவர்களின் கடிதம்
இனி என்னிடம் வரட்டும்.

பிப்ரவரியில் வந்தது.
முகவரியற்ற கணக்கின் பெயர் ஒன்று,
ஒரு காற்புள்ளி,
இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.
மாற்றத் தெரியாவிட்டால் மேலே வாருங்கள்.
கீழே அவன் பெயர், அவன் மாடி, அவன் ஜன்னல்.

முழுக்க வாசித்தான்.
ஜன்னலுக்கு வெளியே ஒருத்தி
கயிற்றைத் தொடாமல் தெருவைக் கடந்துகொண்டிருந்தாள்.
இரண்டு வாரம் இருக்கிறதே,
மூன்று வரட்டும் என்று
மூடிவைத்தான்.