சுமைகூலி

பஃபலோவில் பிப்ரவரி.
ஏரியிலிருந்து கிளம்பிய பனி
கார்களையெல்லாம் மேடாக்கிவிட்டுப் போயிருக்கிறது.
மூன்றாம் மாடியில் ஹாலினா ஸ்க்ரோபாக்
ஆட்டத்தைப் பார்ப்பதில்லை.
எட்டு வருடமாக அவள் பார்ப்பது
திரையில் ஒரு சிவப்புக் கோட்டை.
கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும்
இந்த அணி மூன்று டாலர் வரி கட்ட வேண்டும்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று
நாம் சொல்லிச் சிரிப்பதை
அங்கே சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பத்து மணிக்குப் பயிற்சியாளர் கான்ராய் வந்தார்,
ஷூவில் ஒட்டிய பனியை உதறாமல்.
"ஒரு உயரமான ஆள். ஒரே ஒருவன்.
வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எட்டிப் பிடிக்க."
போர்ட்லாண்டில் இருக்கிறான். ஏழடி. ஒன்பது மில்லியன்.
அவர்களும் தரத் தயார்.
ஹாலினா விசையைத் தட்டினாள்.
ஒன்பது முப்பத்தாறு ஆனது.
தவறாக விசிலடித்த நடுவரைப் பார்ப்பதுபோல்
கான்ராய் திரையைப் பார்த்தார்.
"அடிக்கு ஐந்து மில்லியனுக்கு மேல்" என்றார்.
அவள் சிரிக்கவில்லை.
அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்திருந்தாள்.

முதலாளி ஃபுளோரிடாவிலிருந்து பேசினார்.
பின்னால் யாரோ ஐஸ்கட்டிகளைக் கண்ணாடி டம்ளரில் போடும் சத்தம்.
வாங்குவதை மறந்துவிடு,
கோட்டுக்குக் கீழே இறங்கு.
இரண்டு மில்லியன்கூட இல்லையே, ஹாலினா,
இறங்கு.

பட்டியலில் பதின்மூன்றாவது பெயர்
லாசல் ப்ரூசார்.
லூசியானாக்காரன். இங்கே வரும்வரை பனியைத் தொட்டதில்லை.
போன மாதம் அவள் கார் சிக்கியபோது
கையுறைகூட இல்லாமல் தள்ளிவிட்டு
"இதுதான் இந்த சீசனில் என் முதல் அசிஸ்ட்" என்றவன்.

அவனை எடுத்துக்கொள்ளும் அணிக்கு அவன் வேண்டாம்.
அவனோடு அனுப்பும் பணம் வேண்டும்,
ஆறு வருடம் கழித்து வரும் ஒரு தேர்வு உரிமை வேண்டும்.
அதில் தேர்வாகப்போகும் பையன்
இப்போது எட்டாம் வகுப்பில்
எங்கோ பல்லில் கம்பி மாட்டிக்கொண்டு திரிகிறான்.

கெடு மூன்று மணி.
இரண்டு ஐம்பத்திரண்டுக்கு எல்லாம் முடிந்தது.
கோட்டுக்குக் கீழே நாற்பத்தோராயிரம் டாலர்.
சிவப்பு பச்சையானது.
அலுவலகத்தில் ஒருவர் கைதட்டத் தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பார்க்கிங் அட்டையைத் திருப்பித் தர
லாசல் மேலே வந்தான்.
"நான் இன்னும் நன்றாக ஆடியிருந்தால்?"
நன்றாக ஆடியிருந்தால் சம்பளம் ஏறியிருக்கும்,
சம்பளம் ஏறியிருந்தால் வரி ஏறியிருக்கும்,
வரி ஏறியிருந்தால்
டிசம்பரிலேயே போயிருப்பான்.
ஹாலினா அட்டையை வாங்கி
இழுப்பறையில் வைத்தாள்.
"அங்கே பனி இல்லை" என்றாள்.

இரவு ஆட்டத்துக்கு,
ஏனென்று தெரியாமல்,
கீழே இறங்கிப் போய் வாயிலோரம் நின்றாள்.
வளையத்தில் பட்டு எகிறிய பந்தையெல்லாம்
எதிரணி பழம் பறிப்பதுபோல் பறித்தது.
கான்ராய் பெஞ்சுப் பக்கம் திரும்பவே இல்லை.
பதின்மூன்றாவது நாற்காலியில்
யாரோ துண்டுகளை மடித்து அடுக்கியிருந்தார்கள்.

துண்டுக்கு வரி கிடையாது.