ஏழாம் எண் முளை

அணையில் மூன்றாவது சங்கு ஊதியது வியாழன் இரவு.
சனிக்கிழமை காலை
டேப்பும் சிவப்புப் பெயின்ட் டப்பாவுமாகத்
தேனூருக்கு மேற்கே பஸ்ஸைவிட்டு இறங்கினேன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

வைகையின் வடகரை.
பன்னிரண்டு சவுக்கு முளைகள், ஐம்பது மீட்டருக்கு ஒன்று,
வைகாசியில் நானே சம்மட்டியால் அடித்தவை.
முளையிலிருந்து கரையின் விளிம்பு எவ்வளவு தூரம் என்று
மாதம் ஒருமுறை அளந்து எழுத வேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
தினக்கூலி, பயணப்படி தனி,
இரண்டும் நாலு மாதமாக வரவில்லை.

ஒன்று: பதினெட்டு மீட்டர் நாற்பது. பழைய கணக்கேதான்.
இரண்டிலும் மூன்றிலும் நாணல் பிடித்து வைத்திருக்கிறது.
நான்கில் ஒரு மீட்டர் குறைச்சல்.
ஐந்துக்குப் பக்கத்தில் ஒரு வேம்பு
வேரெல்லாம் தெரியச் சாய்ந்து
தண்ணீரில் சாவியைத் தவறவிட்டவன் மாதிரி
பார்த்துக்கொண்டிருந்தது.
ஆறு: நாற்பது சென்டிமீட்டர்.
நின்று அளக்கப் பயம், குப்புறப் படுத்து அளந்தேன்.
மூக்குக்குக் கீழே மண் அடுக்கடுக்காக
வண்டல், மணல், ஒரு கோடு கரி,
ஒரு பானை ஓடு, மறுபடி வண்டல்.
மீன்கொத்தியின் வளை பாதியாகப் பிளந்து
உள்ளறை வெளிச்சத்தில் கிடந்தது.

ஏழு இல்லை.

ஏழு இருந்த இடத்தில்
ஆறு.

படிவம் கேட்கிறது:
முளைக்கும் விளிம்புக்கும் இடைவெளி?
சுழியம் போடலாமா, கோடு இழுக்கலாமா,
கழித்தல் குறி போட்டால் கம்ப்யூட்டர் ஏற்குமா?
ஆபீசுக்கு போன் செய்தேன்.
“காலியா விடும்மா, திங்கக்கெழம பாத்துக்கிருவோம்.”

இருளாயி கொடிக்காலிலிருந்து வந்தாள்,
முழங்கால்வரை சேறு.
அவளிடம் மீட்டர் கிடையாது, அகத்தி வரிசைதான் கணக்கு.
“ஆடியில முப்பத்தோரு வரிசை. இப்ப இருபத்தாறு.
இருபத்தாறாவதும் போயிருச்சுன்னே எழுதிக்க.
கால் வச்சா குலுங்குது.”

விளிம்பில் தொங்கிய வெற்றிலைக்கொடிகள்
தண்ணீர்மேல் எதையோ எழுதி எழுதி
அழித்துக்கொண்டிருந்தன.

“பட்டாவுல எம்பத்தேழு சென்ட்டு.
ஆத்துக்குள்ள கெடக்குற பதினோரு சென்ட்டுக்கும்
தீர்வை கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.
அதுல என்ன போடுறது, நீயே சொல்லு. கெளுத்தியா?”
சிரித்தாள்.
நான் சிரித்திருக்கக் கூடாது.

பிறகு ஆற்றின் நடுவைக் காட்டினாள்.
போன மாதம்வரை ராத்திரியில் லாரிகள் இறங்கிய தடம்.
வெள்ளம் மூடிவிட்டது.
குழி எத்தனை ஆழம் என்று
சுழித்துப் போகும் தண்ணீருக்குத் தெரிந்திருந்தது.
“அதை எழுதுவியா?”
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றேன்.
சொன்னது உண்மை.
சொன்ன வேகம்தான் சரியில்லை.

பள்ளிக்கூடத்தில் ‘கரை’ பெயர்ச்சொல்.
இங்கே வந்து பார்த்தால் வினை,
அதிலும் ஏவல்.
ஏவியது யார் என்பது மட்டும்
வாக்கியத்தில் இல்லை.

எட்டு முதல் பன்னிரண்டுவரை முடிக்க மத்தியானம் ஆனது.
எண்கள் எல்லாம் சின்னதாகிவிட்டன.
டேப்பில் பாதிக்குமேல்
இன்று வெயிலே படவில்லை.

போட்டோ எடுக்கக் கீழே நடந்தபோது பார்த்தேன்,
அரை மைல் தாண்டி, ஒரு புல்மேட்டில்,
சிவப்புத் தலையும் என் கையெழுத்தில் வால் நீண்ட 7-உம்.
ஒதுங்கியதை எடுத்து யாரோ கல்லால் அடித்து இறக்கி
கன்றுக்குட்டி கட்டியிருந்தார்கள்.
கயிறு எட்டிய தூரம்வரை
அது வட்டமாக மேய்ந்து வைத்திருந்தது.

ஒரு சபலத்தில் டேப்பை விரித்தேன்.
முளையிலிருந்து விளிம்பு இருபத்திரண்டு மீட்டர்.
கட்டத்தில் எழுதினேன்.
அடித்தேன்.

குறிப்பு என்ற இடம் மூன்று விரல் அகலம்.
முளை நகர்ந்துள்ளது என்று தொடங்கி
முப்பத்தொன்று போய் இருபத்தைந்து வரிசை என்று எழுதி
லாரித் தடம், ஆற்றின் நடுவே, என்பதற்குள்
இடம் முடிந்துவிட்டது.

தாளைத் திருப்பினேன்.