நாலு டிகிரி

ஆய்வகத்தில் மின்சாரம் போய் நாலு மணி நேரம்.
மின்சாரம் செய்யத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதை
வாட்ச்மேனிடம் சொல்லவில்லை.

குளிர் விட்டுப்போன பெட்டியிலிருந்து நொதிக் குப்பிகளை
ஐஸோடு பிளாஸ்கில் அடைத்து
நாகமலைப் புதுக்கோட்டை,
சிக்கந்தர் கடைக்கு நடந்தேன்.
அவரிடம் ஜெனரேட்டர் உண்டு.

பால் பாக்கெட்டுக்கும் கோலி சோடாவுக்கும் நடுவே
விரல்நுனி அளவில் இரண்டு குப்பி.
‘என்னம்மா, மருந்தா?’
‘சர்க்கரையத் தின்னுட்டு கரண்டு குடுக்கும்.’
‘அப்ப எனக்குள்ள விடுங்க,
முந்நூத்திப் பத்து இருக்கு.’
விரலையும் நீட்டினார்.
நெறிமுறைக் குழு, மூன்று கையெழுத்து, ஆறு மாதம்
என்றெல்லாம் சொல்ல வெட்கமாயிருந்தது.
டீ குடித்தேன்,
சீனி போட்டு.

மறுநாள் ஒரு குப்பியை மட்டும் எடுத்துவந்தேன்.
கார்பன் நுண்குழாய்க் கரி
நகக்கண்ணைவிட்டுப் போவதாயில்லை.
பாலிஅனிலின் படலத்தில் நொதியைப் பரப்பினேன்.
காரம் பட்டால் நீலம், அமிலம் பட்டால் பச்சை;
மனசில் உள்ளதை மறைக்கத் தெரியாத படலம்.
குளுக்கோஸ் ஒரு சொட்டு.

பூஜ்யம் புள்ளி மூன்று எட்டு வோல்ட்.
பதினோரு நிமிடம்.
பிறகு
சமணமலைச் சரிவில் விட்ட கல்லாக
முதலில் மெல்ல,
அப்புறம் கண்ணுக்கே தெரியாமல்.

சாயங்காலம் மற்றதை எடுக்கப் போனேன்.
‘எரிஞ்சுச்சா?’
‘உங்க பல்பு எரியணும்னா
இந்த மாதிரி லட்சம் படலம் வேணும்.’

அண்ணாந்து பல்பைப் பார்த்தார்.
லட்சமா என்று கேட்கவில்லை.
மோர் பாக்கெட்டை ஓரமாய் நகர்த்தி
கீழ்த்தட்டில் இன்னும் கொஞ்சம்
இடம் பண்ணினார்.