கீழ்த்தட்டில் ஊறுகாய்

பேரணாம்பட்டில் தோலுக்கு உப்பு போடுகிறவன் நான்.
கழற்றிப் போட்ட சட்டையின் முதுகில்
வெள்ளை வெள்ளையாய்ப் பூத்திருக்கும்.
அதை என் மகள் நக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து
அறைந்துவிட்டேன்.
பெர்சிசுக்கு அப்போது ஐந்து வயது.

ஊறுகாய் ஜாடியின் அடி,
கடலைப் பொட்டலத்தின் மூலை,
கஞ்சியை விட்டுவிட்டு உப்புக்கல்லை மட்டும்.
விரல் கணு கறுத்தது, ஈறும் கறுத்தது.
"வேலூர் வெயிலு, வேற இன்னா?" என்றாள் என் தங்கை.
பவுடர் பூசி அனுப்பினோம்.

பிரேயரில் மூன்றாம் முறை விழுந்த பிறகு
வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா
சீட்டைத் திருப்பி இரண்டு அவரைக்கொட்டை வரைந்தார்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு குல்லா.
"கிட்னி நல்லா இருக்கு. குல்லாதான் வேலை செய்யலை."

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்:
காய்ச்சலோ எலும்பு முறிவோ வந்தால்
யாருக்கும் உள்ளே ஒரு பயம் சுரந்து
ரத்தத்தைத் தூக்கி நிறுத்தும்.
இவள் உடம்புக்குப் பயப்படத் தெரியாது.
அந்தப் பயத்தை மாத்திரையாக வாங்குகிறோம்.
மேபல் அதைப் பிளேடால் நாலாகப் பிளப்பாள்.
ஒரு துண்டு எப்படியும் தூளாகும்;
தூளை விரலில் ஒற்றி நாக்கில் வைப்பாள்.

"பரீட்சைக்கு ரெண்டா குடுக்கணுமா?" என்றார் டீச்சர்.
வேண்டாங்க. பரீட்சைக்கு அவளே பயந்துக்குவா.
காய்ச்சலுக்குத்தான் கூட்டணும், சீட்டில் இருக்கிறபடி.
வாந்தி நிற்காவிட்டால் ஊசி.

ஆடியில் ஒரு ராத்திரி நிற்கவில்லை.
குடியாத்தம் பக்கம் ரயில் கேட் மூடிக் கிடந்தது.
சரக்கு வண்டி. பெட்டி, பெட்டி, இன்னும் பெட்டி.
மேபல் மடியில் அவள் கண் செருகியது.
எட்டிவிடலாம் என்று டிரைவர் சொல்லிக்கொண்டே இருந்தான்.

டப்பாவைத் திறந்தேன்.
சாத்துக்குடியில் குத்திப் பழகியிருந்தேன்,
சாத்துக்குடி முனகாது.
பொடியில் தண்ணீர் விட்டுக் குலுக்கி
நடுத்தொடையில், வெளிப்பக்கம்.
பதினாலு வருஷம் தோலின் மேலேயே உழன்ற கை
அன்றுதான் ஒரு தோலுக்குள் போனது.

கேட் தூக்கினார்கள்.

விடியற்காலை அவள் கையில் பாட்டில் இறங்கியது.
"அது இன்னா மருந்து சிஸ்டர்?"
"சர்க்கரை கலந்த உப்புத் தண்ணிதாங்க."

அந்த அறைக்கு
நான் இன்னும் மன்னிப்பு கேட்கவில்லை.
ஊறுகாய் ஜாடியை
கீழ்த்தட்டுக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.