விளக்குக்காரனும் கேள்விக்காரியும்

கரண்ட் போன பிறகுதான் இந்தச் சண்டை வரும்.
சைதாப்பேட்டையில் மூன்றாவது மாடி, மே மாதம்.
பாலாற்று மணலின் சூடு ஜன்னலேறி வந்து
கன்ட்ரோலர் பட்டன்களில் ஒட்டிக்கொண்டிருக்கும்.
"மொர்வின்தான்டா பெரிய கேடி" என்பான் தப்ரேஸ்.
நான் தெஸ்ரா என்பேன்.

மொர்வின் கையில் ஒரு லாந்தர்.
மூழ்கிய நகரத்தில் நமக்கு முன்னால் நடப்பான்.
பார்த்து வா, அந்தக் கல் வழுக்கும் என்பான்.
மூன்று தடவை குழியிலிருந்து நம்மைத் தூக்கிவிடுவான்.
பதினோரு மணி நேரம் ஆடிய பிறகுதான் தெரியும்,
மூன்று குழியும் அவன் வெட்டியவை.
அன்றைக்குத் தப்ரேஸ்
கன்ட்ரோலரைத் தரையில் வைத்துவிட்டுக் கீழே போனான்.
டீ குடிக்காமலே திரும்பி வந்தான்.
"தூக்கிவுட்டான்ல, அப்ப தேங்க்ஸ் சொன்னேன்டா.
பொம்மைக்கு. வாய்விட்டு."

தெஸ்ரா பொய்யே சொல்வதில்லை.
அரண்மனையில் கணக்கு எழுதுகிறவள்.
விரல் மையைத் துணியில் துடைத்தபடி
ஒன்றே ஒன்று கேட்பாள்:
உன் அண்ணன் அதை உன்னிடம் சொல்லவில்லையா?
கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்து
விட்ட வரியிலிருந்து எழுதப் போய்விடுவாள்.
இரண்டு கட்டம் தாண்டினால்
அண்ணன் செத்துக் கிடப்பான்,
கத்தி நம் கையில்.
பழைய சேவ்களையெல்லாம் திறந்து
அவள் பேசியதை வரிவரியாய்த் தேடினேன்.
ஒரே ஒரு பொய் கிடைத்தால் போதும்,
நிம்மதியாய்த் தூங்கிவிடலாம் என்று.
கிடைக்கவில்லை.

"இருந்தாலும் மொர்வின் நம்மகூடவே நனைஞ்சான்டா"
என்று கட்சி மாறுவான் தப்ரேஸ், இருட்டில்.
"அவ இன்னா பண்ணா? குந்திக்கினு எழுதினா."
அதனால்தான் அவள் மோசம் என்பேன்.
பதில் வராது.
மேல்விஷாரத்தில் அவனுக்கு ஒரு அண்ணன்,
இரண்டு வருஷமாய்ப் பேச்சில்லை.
யார் வந்து என்ன கேட்டார்களோ.
தெஸ்ரா பேச்சை அவன் நீட்டுவதேயில்லை.

கரண்ட் வரும். எனக்கு டூட்டி நேரமும் வரும்.
ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
வங்காள எழுத்தில் பெயர்ப் பலகை வைத்த லாட்ஜில்
ராத்திரி ரிசப்ஷன் நான்தான்.
மூன்றரைக்குக் காட்பாடி போய்
ஹவுரா வண்டிக்காகக் காத்திருப்பதும் நான்தான்.

அன்றைக்கு பர்த்வான்காரர் ஒருவர்.
பிளாஸ்டிக் கவரில் ஸ்கேன்,
தோளில் சாய்ந்து மனைவி.
பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.
"தாதா, பார்த்து. படி வழுக்கும்."
துண்டுச் சீட்டில் வேறொரு லாட்ஜ் பெயரைக் காட்டினார்.
ஊரில் யாரோ எழுதிக் கொடுத்ததாம்.
நான் அந்த லாட்ஜைக் குறை சொல்லவில்லை.
நல்லதும் சொல்லவில்லை.
"அங்கேயா? உங்களிடம் யாரும் சொல்லவில்லையா?"
என்று மட்டும் கேட்டுவிட்டு
ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி அவரைப் பார்த்தார்.
சீட்டு மடிந்து சட்டைப்பைக்குள் போயிற்று.
கிரீன் சர்க்கிள் தாண்டும்போது
என் தோளைத் தொட்டு நன்றி சொன்னார்,
ஆட்டோச் சத்தத்தை மீறி, வாய்விட்டு.

ஒரு ரூமுக்கு எனக்கு இருநூறு, நாள் கணக்கில்.
ஆபரேஷன் தள்ளிப்போனால்
அந்த இருநூறும் சேர்ந்து வளரும்.

விடிய ஐந்து மணிக்கு அந்த அம்மா இன்டர்காமில்
சுடுதண்ணீர் கேட்டார்.
லிஃப்ட் வேலை செய்யவில்லை.
வாளியைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினேன்.
காசு நீட்டினார்கள், வேண்டாம் என்றேன்.
நிஜமாகவே வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

இறங்கும்போது ஞாபகம் வந்தது,
மொர்வினும் ஒருநாளும்
லாந்தர் எண்ணெய்க்குக் காசு கேட்டதில்லை.